ஒட்டினால் வம்பு, ஒட்டாவிட்டாலும் வம்பு

கரண்டுக் கம்பிகள் போகும் 20 மிமீ இரும்பு கான்டியூட் பைப் ஒன்றைக் கையில் எடுத்து அதன் வாயைப் பாருங்கள். சுவரின் தடிமன் 1.6 மிமீ. கடையில் 16 கேஜ் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். இந்தச் சுவரின் மேல் மரை வெட்ட வேண்டும். 20 மிமீ பைப்புக்கு உரிய மரையின் பிட்ச், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி, 1.5 மிமீ. பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.92 மிமீ. கழித்துப் பார்த்தால் பள்ளத்துக்கு அடியில் மிஞ்சுவது 0.68 மிமீதான். சுவரில் பாதிக்கு மேல் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தை நம்பி பைப்பைப் பைப்போடு சேர்க்கிறோம்.

மரை வெட்டும் கருவியான டை, மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு பக்கம் பள்ளம் ஆழமாகும், எதிர்ப்பக்கம் மேலோட்டமாகக் கீறிவிட்டுப் போகும். ஆழமான பக்கத்தில் மிஞ்சுவது 0.18 மிமீ. பைப்புகளைச் சேர்க்கும் கப்ளிங்கைப் போட்டு இறுக்கும்போதே அந்த இடத்தில் பைப் முறியலாம். முறியாமல் தப்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் அது வீட்டுச் சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

தண்ணீர்க் குழாயில் இதே வேலையைச் செய்யும் பிளம்பருக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மரை பிய்ந்திருந்தாலும் சணலைச் சுற்றியோ, வெள்ளை டேப்பை நாலு சுற்று கூட ஓட்டியோ ஒழுக்கை நிறுத்திவிடலாம். வயர்மேனுக்கு அந்த வசதி கிடையாது. கான்டியூட் மரையில் டேப், சணல், பெயிண்ட் எதுவும் வரக் கூடாது. இரும்பு இரும்பைத் தொட்டாக வேண்டும். இந்தக் குழாய் கம்பிக்குக் காவலாக மட்டும் ஓடவில்லை. எங்காவது கம்பியின் உறை கிழிந்து கரண்டு பைப்பில் இறங்கினால், அதை வீட்டின் எர்த்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பாதையும் இதுவே. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு, முறையாகப் பொருத்திய தடித்த இரும்புக் கான்டியூட்டையே எர்த் கடத்தியாக ஏற்றுக்கொள்கிறது. நம் ஊரில் தனி எர்த் வயரையும் கூடவே இழுக்கிறோம். ஆனாலும் இணைப்பு கெட்டுப்போன பைப் துண்டு, எர்த்தோடு சேராத நீளமான இரும்பாக ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதில்லை.

பைப்பைப் பொறுத்தவரை உலோகத்துக்குக் குறைவில்லை. 20 மிமீ பைப்பைக் குறுக்கே வெட்டினால் சுமார் 92 சதுர மில்லிமீட்டர் இரும்பு தெரியும். செம்பைவிட இரும்பின் மின்தடை எட்டொன்பது மடங்கு அதிகம். அப்படிப் பார்த்தாலும் இந்தப் பைப் 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குச் சமானம். வீட்டு வயரிங்கில் ஒரு சர்க்யூட்டின் எர்த்துக்குப் பொதுவாக இவ்வளவு பெரிய செம்பை இழுப்பதில்லை. சங்கதி எல்லாம் மூன்று மீட்டருக்கு ஒரு முறை வரும் இணைப்பில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 230 வோல்ட் சர்க்யூட். பழுது ஏற்பட்ட இடம்வரை போய்த் திரும்பும் முழுப் பாதையின் தடை 0.5 ஓம் என்றால் 460 ஆம்பியர் பாயும். ‘சி’ வகையைச் சேர்ந்த 16 ஆம்பியர் எம்.சி.பி., தன் அளவில் பத்து மடங்கான 160 ஆம்பியரைத் தாண்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்தாக வேண்டும். 460-க்குக் கேள்வியே இல்லை. இப்போது அந்தப் பாதையில் துருப்பிடித்த, அரைகுறையாக ஏறிய ஒரே ஒரு மரை 2 ஓம் தடையைச் சேர்க்கிறது என்று வையுங்கள். மின்னோட்டம் 92 ஆம்பியராகச் சரிகிறது. எம்.சி.பி. உடனே விழ வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடாகி வளையும் வரை சில விநாடிகள் காத்திருக்கலாம். அந்த விநாடிகளில் கெட்ட மரையின் மேல் 184 வோல்ட் நிற்கிறது. அதற்கு அப்பால் உள்ள பைப்பைத் தொடுகிறவருக்குக் கிடைப்பது அதுதான். அதோடு அந்த மரையில் வெளிப்படும் வெப்பம் கிட்டத்தட்ட 17 கிலோவாட். எட்டுத் தண்ணீர் ஹீட்டர்களின் சூடு ஒரு விரலகல இரும்பில்.

சரி, இரண்டு இரும்புப் பரப்புகள் தொட்டால் மின்சாரம் போய்விடாதா? இங்கேதான் இயற்பியல் சுவாரசியமாகிறது. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்த உலோகமும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் மேடுகளின் உச்சிகள் மட்டும் ஒன்றையொன்று தொடும். மீதி எல்லாம் காற்று. சீமென்ஸ் நிறுவனத்துக்காக பெர்லினில் வேலை பார்த்த ஸ்வீடன்காரர் ராக்னர் ஹோல்ம், மின் தொடுகைகளில் கரண்டு இந்தச் சில புள்ளிகள் வழியாக நெருக்கியடித்துக்கொண்டுதான் போகிறது என்று காட்டினார். தொடுகையின் தடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த நெரிசலால் வருவது.

கேம்பிரிட்ஜில் இருந்த பவுடனும் டேபரும் வேறு கேள்வியோடு இதே இடத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு மின்சாரத்தில் அக்கறை இல்லை. உராய்வு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கிடையே உண்மையில் எவ்வளவு பரப்பு தொடுகிறது என்று அளக்க வழி? கண்ணுக்குத் தெரியாது, பிரித்துப் பார்த்தால் தொடுகையே போய்விடும். ஆகவே அவற்றின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தி, தடையை அளந்து, அதிலிருந்து பரப்பைக் கணித்தார்கள். 1939-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: உண்மையாகத் தொடும் பரப்பு மிகச் சிறியது, அழுத்தும் விசையைப் பொறுத்தே கூடும், குறையும். பரப்பு கண்ணுக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

காரணம் எளிது. சின்ன உச்சிகளின் மேல் பெரிய சுமை விழும்போது அவை நசுங்குகின்றன. சுமையைத் தாங்கப் போதுமான பரப்பு கிடைக்கும் வரை நசுங்கி, பிறகு நிற்கின்றன. மென்மையான இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 1,200 நியூட்டன் தாங்கும். 100 கிலோ சுமையை, அதாவது 1,000 நியூட்டனை, ஓர் இரும்புப் பலகைமேல் இரும்பு அடியோடு வைத்தால் உண்மையில் தொடுவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. இதற்கு அடுத்த படி இன்னும் முக்கியமானது. நசுங்கிய உச்சிகளில் புது உலோகம் புது உலோகத்தைத் தொடும்போது அவை ஒட்டிக்கொள்கின்றன, குட்டி வெல்டிங் போல. இழுத்து நகர்த்தினால் அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டியிருக்கிறது. உலோக உராய்வில் பெரும்பங்கு இதுதான் என்றார்கள் பவுடனும் டேபரும்.

மரை வெட்டும் வேலை முழுவதையும் இந்த ஒட்டுகளை வைத்தே புரிந்துகொள்ளலாம் என்பது என் கட்சி. இணைப்பில் அந்த ஒட்டுகள் நமக்கு வேண்டும். கரண்டு அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஆனால் டை சுற்றும்போது அதே ஒட்டு பரம எதிரி.

டை கத்தியைப் போல வெட்டுகிறது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் இரும்பு அப்படிப் பிளவுபடுவதில்லை. டையின் பல் முன்னேறும்போது அதற்கு முன்னால் உள்ள உலோகம் அழுந்தி, ஒரு சாய்ந்த தளத்தின் வழியே வழுக்கி, சீவலாக மேலேறுகிறது. பின்லாந்தைச் சேர்ந்த பீஸ்பானென் 1937-ல் இதற்கு ஒரு சீட்டுக்கட்டு உதாரணம் சொன்னார்: சாய்த்து வைத்த கட்டின் விளிம்பைத் தள்ளினால் ஒவ்வொரு சீட்டும் அடுத்ததன் மேல் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்குகிறதே, அப்படி. 1945-ல் அமெரிக்கர் யூஜின் மெர்ச்சன்ட் அந்த வழுக்குத் தளத்தின் கோணத்தையும் விசைகளையும் கணக்கில் கொண்டுவந்தார். அவருடைய கணக்கு சொல்லும் ஒரு செய்தி நமக்கு நேரடியாக உதவும். சீவலுக்கும் பல்லின் முகத்துக்கும் இடையே உராய்வு கூடினால் வழுக்குத் தளம் படுத்துவிடும். சீவல் தடிக்கும், விசை கூடும், வெட்டு கரடுமுரடாகும். பல்லைக் கூர் தீட்டாமலேயே, உராய்வைக் குறைத்தாலே வெட்டு சுத்தமாகிவிடும் என்பது இதன் மறுபக்கம்.

கான்டியூட் இரும்பு இந்த விஷயத்தில் நமக்கு ஒத்துழைக்காத ஜாதி. பைப்பை மூலையில் வளைக்க வேண்டும், வளைவில் விரிசல் வரக் கூடாது. அதனால் கார்பன் குறைந்த, மெத்தென்ற இரும்பில் செய்கிறார்கள். வளைக்க நல்ல இரும்பு வெட்டச் சண்டித்தனம் பண்ணும். சீவல் உடையாமல் நீள நீளமாக வரும். பல்லின் முகத்தில் தேய்ந்தபடி போகும் சீவலின் அடிப்பரப்பு அப்போதுதான் பிறந்த, காற்றே படாத உலோகம். ஒட்டுவதற்கு அதைவிடத் தோதான பரப்பு கிடையாது. ஆகவே பல்லின் நுனியில் துளித்துளியாக இரும்பு ஒட்டிச் சேர்ந்து ஒரு கட்டியாகிறது. இனி வெட்டுவது டையின் தீட்டிய விளிம்பு இல்லை, மொட்டையான இந்தக் கட்டி. அது வளர்ந்து, தாங்காமல் பிய்ந்து, பாதி சீவலோடும் பாதி மரையின் பக்கவாட்டிலும் அப்பிக்கொண்டு போகிறது. மரையைப் பிய்த்து எடுத்தமாதிரி செதிள் செதிளாக நிற்கிறதே, அது இந்தக் கட்டியின் கைவரிசை.

லேத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு: வேகத்தைக் கூட்டு. நல்ல வேகத்தில் வெப்பம் ஏறி அந்தக் கட்டி மெத்துப்போய் நிற்க முடியாமல் போய்விடும். கையால் டை சுற்றுகிறவர் எவ்வளவு முக்கினாலும் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வெட்டு வேகத்தைத் தாண்டுவது கடினம். வேகம் என்ற மருந்து அவருக்கு இல்லை. மிச்சம் இருப்பது எண்ணெய்.

எண்ணெய் சூட்டைத் தணிக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கைவேலையில் சூடு பெரிய சங்கதி இல்லை. எண்ணெய் வருவது ஒட்டைத் தடுக்க. வெறும் பிசுபிசுப்பு அங்கே பயன்படாது. அந்த அழுத்தத்தில் எந்தத் திரவமும் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகத்தின் தோலோடு வேதியியலாகப் பிணைந்து நிற்கும், ஒன்றிரண்டு மூலக்கூறு தடிமனே உள்ள படலம் வேண்டும். 1922-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் ஹார்டி இந்த வகை உயவைப் பிரித்துக் காட்டினார். கொழுப்பு அமில மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ள, நீளமான வால் வெளியே நிற்கும். நம் பட்டறைகளில் துளைக்குள் மரை வெட்டும் டேப்பை அடிக்கும்போதும் டை சுற்றும்போதும் தேங்காய் எண்ணெயைக் காட்டுகிறார்களே, அதன் பின்னால் இருக்கும் நியாயம் இதுதான். மேலைநாட்டில் பன்றிக் கொழுப்பு எண்ணெய் அந்த வேலையைச் செய்தது. கைவசம் இருக்கிறதே என்று என்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களும் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது தேவலை, அவ்வளவுதான்.

இந்தக் கொழுப்புப் படலம் சூடு ஏறினால் உருகிவிடும். அதற்குமேல் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் கந்தகம் கலந்த த்ரெட்டிங் ஆயில். கருத்து, ஒரு மாதிரி நாற்றத்தோடு இருக்கும். பல்லின் முனையில் சூடும் அழுத்தமும் ஏறும் புள்ளியில் அந்தக் கந்தகம் புது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது. அந்தப் படலம் எளிதில் அறுபடும். இரும்பை இரும்போடு ஒட்ட விடாது. எங்கே ஒட்டு உண்டாகப்போகிறதோ அந்தச் சூடான புள்ளியிலேயே மருந்தும் தயாராகிறது. கை மெதுவாகச் சுற்றுவதில் ஒரு நன்மையும் உண்டு: எண்ணெய் பல்லுக்கும் சீவலுக்கும் நடுவே ஊர்ந்து போக நேரம் கிடைக்கிறது.

எண்ணெய் தீர்ந்ததைக் காது முதலில் கண்டுபிடிக்கும். டை கிறீச்சிடும். பல் ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டும் அதிர்வுதான் அந்தச் சத்தம்.

“தம்பி, கத்துது பாரு. எண்ணெய் விடு.”

“இப்பதாண்ணே விட்டேன்.”

“மேல விட்டா கீழ ஒழுகிப் போயிரும். பல்லு இருக்கிற ஓட்டைக்குள்ள விடு.”

பெரியவர் சொல்வதுதான் சரி. பைப்பின் மேல் பளபளக்கும் எண்ணெயால் பயன் இல்லை. டையின் பற்களுக்கு நடுவே சீவல் வெளியேற விட்டிருக்கும் இடைவெளி வழியாக, வெட்டு நடக்கும் விளிம்புக்கே அது போய்ச் சேர வேண்டும்.

இனி பைப்பின் வாய்க்கு வருவோம். பாதி மரை இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பைப்பைச் சக்கரக் கட்டரால் வெட்டினால் வேலை சுலபம், வெட்டும் நேராக வரும். ஆனால் சக்கரம் உலோகத்தை எடுப்பதில்லை; இரண்டு பக்கமும் ஒதுக்குகிறது. வெளிப்புறம் ஒரு மேடு, உட்புறம் ஒரு உதடு. வெளிமேடு டையை உட்கார விடாது. உள் உதடு பைப்பின் துளையைச் சுருக்கும். மெல்லிய கான்டியூட்டுக்கு ஹேக்சாவே மேல். அங்குலத்துக்கு 32 பல் உள்ள பிளேடு, 1.6 மிமீ சுவரில் எப்போதும் இரண்டு பல்லாவது பதிந்திருக்கும். அதைவிடப் பெரும் பல் என்றால் சுவரின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே விழுந்து, பல்லை உடைக்கும். வெட்டிய பிறகு அரத்தால் வாயை நேராக்கி, வெளி விளிம்பை லேசாகச் சரிக்க வேண்டும். அந்தச் சரிவின் மேல்தான் டையின் முதல் பல் ஏறும்.

டையின் வாயும் அதேபோல் சரிந்துதான் இருக்கும். முதல் மூன்று வரிசைப் பற்கள் வரவரத்தான் முழு உயரத்துக்கு வருகின்றன. நான்கு துண்டு டை என்றால் பன்னிரண்டு பற்கள் 0.92 மிமீ ஆழத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு பல்லுக்கு 0.08 மிமீகூட இல்லை. ஏறக்குறைய தலைமுடித் தடிமன். பின்னால் வரும் முழுப் பற்கள் வெட்டுவதில்லை, வழிகாட்டுகின்றன. அதனால்தான் டை வாய்ப்பற்களிலேயே முதலில் தேயும், தேய்ந்த டையைத் திருப்பிப் போட்டு வெட்டப் பார்ப்பதும் வீண்வேலை.

தொடக்கத்தில் டையை உள்ளங்கையால் பைப்பை நோக்கி அழுத்தியபடி சுற்ற வேண்டும். டையைப் பிடிக்கும் கைப்பிடியான டை ஸ்டாக்கின் பின்னால் உள்ள வழிகாட்டி வளையம் பைப்பைச் சரியாகப் பிடித்திருந்தால் சாய்வு வராது. அந்த வளையத்தைத் தொலைத்துவிட்டு வேலை செய்கிற பட்டறைகள் நிறைய. இரண்டு சுற்று போனதும் அழுத்தத் தேவையில்லை, வெட்டிய மரையே டையை இழுத்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்றில் பல் பயணிக்கும் தூரம் 60 மிமீ, ஏறும் தூரம் 1.5 மிமீ. நாற்பதுக்கு ஒன்று. மும்பை–புணே இடையே ரயில் ஏறும் போர் காட் மலைப்பாதையின் 37-க்கு 1 சரிவைவிடச் சற்று மெதுவான ஏற்றம். ஆகவே டை சறுக்கிப் பின்வாங்காது. அதற்குப் பிறகும் முன்னால் அழுத்திக்கொண்டே இருந்தால் முதல் புரிகள் மெலிந்துபோகும்.

எவ்வளவு பலம் வேண்டும்? தோராயமாக, பள்ளத்தின் குறுக்குப் பரப்பு 0.7 சதுர மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய சீவலாக இரும்பை எடுக்கச் சதுர மில்லிமீட்டருக்கு 3,000 நியூட்டன் என்று வைத்தால் 2,000 நியூட்டனுக்கு மேல், அதாவது 200 கிலோ. ஆனால் அது மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் நடக்கிறது. கை பிடிப்பது 30 சென்டிமீட்டர் தள்ளி. ஒரு கைக்கு மூன்றரைக் கிலோ போதும். உராய்வு இதை இரண்டு மடங்காக்கினால் ஏழு கிலோ. அதற்கும் மேல் தம் கட்ட வேண்டியிருந்தால் டை மொட்டை, அல்லது எண்ணெய் போதவில்லை, அல்லது சீவல் அடைத்துக்கொண்டிருக்கிறது. சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கை முட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். அது பைப்பின் வெல்டிங் தையல். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த கோடு சட்டென்று ஆறியதால் அக்கம்பக்கத்தைவிடக் கடினமாக இருக்கும்.

அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று டையை ஆட்டுவது எதற்கு? நீளும் சீவலை முறிக்க. வட்ட டையில் சீவலுக்கு இடம் குறைவு. இதைச் செய்தே ஆக வேண்டும். ராட்செட் வைத்த பெரிய பைப் டைகளில் இடைவெளி அகலம், சீவல் தானாக வெளியே வந்துவிடும். அங்கே வெட்டு நடுவில் பின்னுக்கு இழுத்தால் முறியாத சீவலின் அடிக்கட்டை பல்லின் முதுகுக்கு அடியில் போய் நெருக்கி, நல்ல புரியைக் கெடுக்கும். எல்லா டைக்கும் ஒரே சட்டம் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

எவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது என்பதில் தாராளம் கூடாது. கப்ளிங்கின் நீளத்தில் பாதி, அவ்வளவே. நம் கான்டியூட் மரை நேர் மரை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே விட்டம். கப்ளிங்குக்குள் அது கொஞ்சம் லொடலொடவென்றுதான் ஏறும். இரண்டு பக்கப் பைப்புகளும் கப்ளிங்கின் நடுவில் முட்டுக்கு முட்டு மோதி நிற்கும்போதுதான் இறுக்கம் பிறக்கிறது. மோதிய பிறகு தரும் முறுக்கு, புரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துகிறது. ஒட்டு உண்டாவது அப்போதுதான். 20 நியூட்டன்-மீட்டர் முறுக்கு கொடுத்தால் பைப்பின் நீளவாக்கில் சுமார் 5,000 நியூட்டன் கிடைக்கும். இரும்பின் கடினத்தை வைத்துக் கணக்கிட்டால் உண்மையாகத் தொடும் பரப்பு நான்கு சதுர மில்லிமீட்டர். 92 சதுர மில்லிமீட்டர் உலோகம் உள்ள குழாயின் எர்த் கரண்டு முழுவதும் இந்த நான்கு வழியாகத்தான் நெருங்கிப் போகிறது.

பிய்ந்த மரை ஏன் கெட்டது என்பதற்கு இங்கே விடை இருக்கிறது, அது எதிர்பார்க்கிற விடை இல்லை. வழவழப்பான மரையில் அதிகப் பரப்பு தொடும் என்று நினைக்கத் தோன்றும். பவுடன்–டேபர் கணக்குப்படி அப்படி இல்லை. விசை ஒன்றென்றால் பரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். பிய்ந்த மரை விசையையே உண்டாக விடுவதில்லை. செதிள்கள் கப்ளிங்குக்குள் நெருக்கிக்கொள்ள, கொடுத்த முறுக்கெல்லாம் அங்கேயே செலவாகிவிடுகிறது. ரெஞ்சைப் பிடித்தவருக்குக் கை இறுகியதாகத் தோன்றும். பைப் இன்னும் முட்டவே இல்லை. அன்றைக்கு மீட்டர் வைத்தால் ஓம் எல்லாம் ஒழுங்காகவே காட்டும். செதிள்களுக்கு அடியில் ஈரம் தங்கி, மழைக்காலம் இரண்டு போன பிறகு, அழுத்தமில்லாத அந்த ஒன்றிரண்டு தொடுகைகளுக்கு நடுவே துரு வளரும்.

அமெரிக்கர்கள் வேறு வழி பிடித்தார்கள். அவர்களுடைய கான்டியூட் மரை, தண்ணீர்க் குழாய் மரையைப் போலவே முனை நோக்கிக் குறுகும். விட்டத்தில் பதினாறுக்கு ஒன்று. ஃபிலடெல்ஃபியாவின் குழாய்த் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருந்த ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த அளவுகள் அவை. 1886-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் ஏற்றுக்கொண்டது. குறுகும் மரை ஆப்பு போல் இறுகும், பைப்புகள் முட்ட வேண்டியதில்லை. அரை அங்குலப் பைப்பின் சுவரும் அங்கே 2.6 மிமீ; வெட்டத் தாராளமாக இடம் உண்டு.

நம் பக்கம் வந்த குழப்பம் வேறு. பிரிட்டிஷ் காலக் கட்டடங்களில் உள்ளது முக்கால் அங்குலக் கான்டியூட்: 19.05 மிமீ விட்டம், அங்குலத்துக்கு 16 புரி, பொறியாளர் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த 55 பாகைக் கோணம். இப்போதைய 20 மிமீ பைப்பின் மரைக் கோணம் 60 பாகை. அந்தப் பழைய பைப்பின் மேல் இன்றைய கப்ளிங்கைப் போட்டால் ஏறிவிடும்! ஆனால் புரியும் புரியும் பிடித்திருக்கும் ஆழம் 0.34 மிமீ. பிட்ச் 1.59-க்கு 1.5, ஆறு புரிகளில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் சேர்ந்து, கப்ளிங் கெட்டியாக முட்டிக்கொண்டு நிற்கும். இறுகிவிட்டது என்று நம்பி சுவரைப் பூசிவிடுவார்கள். பழைய கட்டடத்தில் வேலை செய்யப்போகும் முன் பைப்பின் வாயில் காலிப்பர் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

டையைக் கழற்றிய பிறகு மரையைத் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெயைக்கூட மன்னிக்கலாம், அழுத்தம் அதைப் பிதுக்கிவிடும். எண்ணெய்க்குள் மிதக்கும் சீவல் தூளை மன்னிக்க முடியாது. உள் விளிம்பில் உள்ள பிசிறை ரீமரால் எடுக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரின் பி.வி.சி. உறை 0.7 மிமீதான், வளைவு தாண்டி வயரை இழுக்கும்போது அந்த உறையைக் கிழிக்க ஒரு பிசிறு போதும், மேலே போட்ட எர்த் கணக்குக்குத் தொடக்கம் அதுவே. கப்ளிங்குக்கு வெளியே மரை தெரிந்தால் அங்கே டை துத்தநாகப் பூச்சைச் சீவிவிட்டது என்று பொருள். இணைப்பை இறுக்கிய பிறகு துத்தநாகம் கலந்த பெயிண்டை அந்த இடத்தில் பூசலாம். மரைக்கு உள்ளே பூசுவதென்றால் கரண்டைக் கடத்தும் பூச்சு மட்டுமே. துருவிலிருந்து காப்பு தேவைப்படும் இடங்களுக்கு அமெரிக்க விதி அதைக் கட்டாயமாக்குகிறது. கறுப்பு எனாமல் பைப்பானால், பைப் போய்ச் சேரும் பெட்டியில் செக் நட் உட்காரும் இடத்தின் பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. மல்டிமீட்டர் அனுப்புவது சில மில்லியாம்பியர். கப்ளிங்குக்குள் ஒரு சீவல் துணுக்கு குறுக்கே கிடந்தாலே அது பைப் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும். பழைய வயர்மேன்கள் தாழ்ந்த வோல்ட்டேஜில் 10, 25 ஆம்பியர் அனுப்பும் கருவியை நம்பியது அதனால்தான்; அந்த ஓட்டத்தில் துணுக்கு கருகி உண்மை வெளிப்படும். 25 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு கப்ளிங்கின் இரு பக்கமும் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போகலாம். ஒரு மில்லியோம் தடை உள்ள இணைப்பு 25 மில்லிவோல்ட் காட்டும். வரிசையில் ஒன்று மட்டும் நூறு இருநூறு என்று காட்டினால், பூச்சு வேலைக்காரர் வருவதற்குள் அந்தக் கப்ளிங்கைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.